தளிர்த்திரை

கெட்ட செய்தி சொல்வதுதான் லீலாவதியின் வேலை. அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள், வெயிலில் அலைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். தூத்துக்குடியில் பிள்ளை பெற்ற வீடுகளில் அவளுக்கு ‘சேதி அக்கா’ என்று பெயர். அவள் வாசலில் வந்து நின்றால் பிள்ளை பெற்றவள் முகம் வெளிறும். வீட்டில் மற்றவர்கள், இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், அப்பாடா என்று வழிவிடுவார்கள்.

தளிர்த்திரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் கலங்கினால் அந்தக் கலக்கம் ரத்தத்தோடு கலந்து பிள்ளைக்கும் போகிறது, பின்னாளில் அதன் இதயத்தையும் மூச்சையும் மனதையும் பிடித்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்படியென்றால் கலக்கமே அவளை அண்டாமல் பார்த்துக்கொண்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விதான் திரையாயிற்று.

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து, போனோ டிவியோ எது வழியாக வந்தாலும் எல்லாம் திரையைத் தாண்டித்தான் அவளிடம் வரும். கெட்டது அங்கேயே நின்றுவிடும். போனில் பேசுகிறவர் அழுதால், இந்தப் பக்கம் சிரித்த குரலாகக் கேட்கும். பேச வேண்டியவர் பேச முடியாத நிலையில் இருந்தால், அவர் குரலில் திரையே பேசும். பிள்ளைக்கு மூன்றாவது தடுப்பூசி போட்டு முடிந்ததும் தாயின் திரை விலகும். பிள்ளையின் திரை பதினெட்டு வயதுவரை கூடவே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து போகும்.

பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எடை குறைந்து பிறப்பது அபூர்வமாகிவிட்டது. இளைப்பு, படுக்கையை நனைப்பது, பரீட்சை என்றால் வாந்தியெடுப்பது எல்லாம் குறைந்தது. லீலாவதியின் மகள் நறுமுகையே திரையின் முதல் தொகுதிக் குழந்தைகளில் ஒருத்தி. பதினான்கு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள்; சளி காய்ச்சல் என்று படுத்ததில்லை, எதற்கும் பயந்ததில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் தன் வேலையின் மேல் லீலாவதிக்கு நம்பிக்கை கூடும்.

அன்று காலை அவள் திரேஸ்புரத்தில் ஜெனோவாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது ஜெனோவாவின் கணவன் ரீகன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் மேற்பார்வையாளன். லீலாவதியைக் கண்டதும் கையைப் பிசைந்துகொண்டான்.

“இன்னைக்குத்தானாக்கா?”

“ஆமா தம்பி. உள்ளதானே இருக்காங்க?”

“இருக்கா. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு இருக்கா. நான் கூட இருக்கணுமா?”

“இருந்தா நல்லது.”

“நான் அடுப்படில நிக்கேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

சொல்ல வேண்டிய செய்தி பெரியது. ஜெனோவாவின் அண்ணன் வியான்னி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்து இறந்துபோனான். உடல் தாய் வீடு இருக்கும் மணப்பாட்டுக்கு வந்து, அடக்கமும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயிலில் பூசை முடிந்த நேரத்தில் வியான்னியின் குரல் தங்கையைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தது.

ஜெனோவா தரையில் காலை நீட்டி, காலில் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். பெண் குழந்தை. தொடை இரண்டும் மடிப்பு மடிப்பாக எண்ணெயில் மின்னியது.

“வாங்கக்கா. கை எண்ணெயா இருக்கு, எழுந்திருக்க முடியல. உக்காருங்க.”

லீலாவதி நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். செய்தி கேட்பவள் உயரத்துக்குச் சமமாக உட்கார வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அதுதான் பயிற்சி.

“ஜெனோவா, உங்க அண்ணன் வியான்னி தவறிட்டாங்கம்மா. நீங்க மாசமா இருக்கும்போதே. கப்பல்ல நடந்த விபத்து.”

ஜெனோவா பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கை நிற்கவில்லை.

“ஆமா” என்றாள்.

சிலருக்குச் செய்தி காதில் விழுந்து மனதுக்குள் இறங்க நேரமாகும். லீலாவதி காத்திருந்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள் ஜெனோவா. “அப்பவே தெரியும்.”

“யாராவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. சொன்னவங்களத் தேடாதீங்க, அப்படி யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமை போன்ல பேசினான்ல, அதுல தெரிஞ்சிக்கிட்டேன்.”

“குரல்ல வித்தியாசம் இருந்ததா?”

“குரல் அச்சு அசலா அவந்தான். சிரிப்புகூட அவன் சிரிப்புதான்.” முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “எங்க அண்ணன் இருக்கானே, அவன் யாரையும் பேச விடமாட்டான். நான் ரெண்டு வார்த்தை பேசுமுன்ன நாலு வார்த்தை குறுக்க பேசுவான். இவன் என்னன்னா, நான் சொல்லுறத முழுசாக் கேக்கான். சாப்பிட்டியா, தூங்கினியா, கால் வீங்கியிருக்கான்னு கேக்கான். எங்க அண்ணனுக்குக் கால் வீங்கும்னே தெரியாது. சரி, கடல்ல ரொம்ப நாள் இருந்து மனசு இளகிட்டு போலன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் வேணும்னே சண்டை இழுத்தேன்.”

“என்ன சண்டை?”

“நான் இவரக் கட்டினது அவனுக்குப் பிடிக்காது. ரீகன்னு பேரச் சொன்னாலே சீறுவான். நான் சொன்னேன், ‘ஏலே, நீ எங்க வீட்டுக்காரர்ட்ட மன்னிப்புக் கேக்கணும், கல்யாணத்துல நீ பேசின பேச்சு தப்பு’ன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்லுதான், ‘சரி ஜெனோவா, தப்புதான், நான் கேட்டுக்கிடுதேன்.’” எண்ணெய்க் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணன் விட்டுக்கொடுத்துட்டான்க்கா. அன்னைக்கே தெரிஞ்சிட்டு, அண்ணன் இல்லன்னு.”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. ரீகன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

“ஏம்மா எங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா என்ன செய்வீங்க? அமைதி இல்லத்துக்குக் கொண்டுபோயிருவீங்க. எங்க சித்தி மகளக் கொண்டுபோனீங்கல்ல. பேறு ஆகிற வரைக்கும் மரமும் பூவும் பாத்துக்கிட்டு இருந்துட்டு வந்தா.”

“அது அவங்க நல்லதுக்கு...”

“தெரியும்க்கா. எல்லாம் நல்லதுக்குத்தான்.”

“உங்க கைப்பட்டை ஒண்ணும் காட்டலையே” என்றாள் லீலாவதி. கர்ப்பிணிகளும் திரைக்குள் வளரும் பிள்ளைகளும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை நாடித்துடிப்பிலிருந்து கலக்கத்தைக் கண்டுபிடித்து, திரையை நடத்தும் மையத்துக்குச் சொல்லிவிடும். ஜெனோவாவின் பட்டை ஒன்பது மாதமும் பச்சையிலேயே இருந்தது.

ஜெனோவா சிரித்தாள். “வீட்டுல அழுதாத்தான் அது கண்டுபிடிக்கும். கோயில்ல அழுதா பக்தின்னு எடுத்துக்கிடும். எல்லாப் பொம்பளைகளும் மாதா முன்னால நின்னு அழத்தானே செய்யுதோம். நான் தெனமும் கோயிலுக்குப் போனேன். என் மாமியார் என்னைய ரொம்ப மெச்சிக்கிட்டாங்க.”

லீலாவதி பிள்ளையைப் பார்த்தாள். நேற்றுத்தான் மையத்தில் பரிசோதனை முடிந்திருந்தது. எடை, இதயம், மூளை வளர்ச்சி, தூக்கம் எல்லாம் பிள்ளையின் வயதுக்கு மேலான கணக்கில் இருந்தன. திரைக்கு விளம்பரம் எடுக்க இந்தக் குழந்தையையே கேட்கலாம் என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

“எனக்கு உங்க மேல கோவம் இல்லக்கா” என்றாள் ஜெனோவா. “அண்ணன் குரல் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவன் இல்லன்னு தெரிஞ்சும் ஞாயித்துக்கிழமை ஆனா போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அதையும் சொல்லணும். ஆனா எங்கம்மா? எங்கப்பா போனப்புறம் அம்மாவுக்கு அண்ணன்தான் எல்லாம். அவனப் பொதச்சிட்டு வந்து எனக்குப் போன் போட்டிருப்பா. அவ அழுததெல்லாம் எனக்குச் சிரிப்பாக் கேட்டுச்சு. மீன் கொழம்பு வச்சேன்னு சொல்லுறா. வச்சாளோ இல்லையோ, யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நானும் சிரிச்சிச் சிரிச்சிப் பேசினேன். என் பிள்ளைக்கு நல்ல தொடக்கம் குடுத்தீங்க. எங்கம்மாவ ஒத்தையில விட்டுட்டீங்களேக்கா.”

லீலாவதி பையிலிருந்து தன் கருவியை எடுத்தாள்.

“திரைய எடுத்தாச்சா?” என்று கேட்டாள் ஜெனோவா.

லீலாவதி அதில் கட்டைவிரலை வைத்தாள். “எடுத்தாச்சு.”

ஜெனோவா பிள்ளையைத் தூக்கி லீலாவதியின் மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மணப்பாட்டில் போன் ஒலித்தது. எடுத்த குரல் லீலாவதிக்கும் கேட்டது. தொண்டை கட்டிய, களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல். “மக்கா, பிள்ள தூங்குதா?”

“அம்மா” என்றாள் ஜெனோவா. “அண்ணன் போயிட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்மா.”

அந்தப் பக்கம் எழுந்த அழுகையைக் கேட்டு ரீகன் அடுப்படியிலிருந்து ஓடிவந்தான். ஜெனோவாவும் சேர்ந்து அழுதாள். அழுகையின் நடுவே, “தெரிஞ்சுக்கிட்டேவாட்டி அப்படிச் சிரிச்ச?” என்று தாய் கேட்பது காதில் விழுந்தது. ரீகன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். லீலாவதியின் மடியில் கிடந்த பிள்ளை தாயின் அழுகையைக் கண் கொட்டாமல் பார்த்தது. பிறகு தன் விரலை வாயில் போட்டுக்கொண்டது.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சர்பத் கடை நிழலில் நிறுத்தினாள். சர்பத் வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். அவளுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது.

அவள் கணவன் தங்கத்துரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். நான்கு மாதத்துக்கு முன் ரத்தப் புற்று என்று கண்டுபிடித்தார்கள். சென்னையில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. கிருமி பட்டால் உயிருக்கே ஆபத்து என்று தனி அறையில் வைத்திருந்தார்கள். பார்க்க யாரும் போகக் கூடாது. துணைக்கு அவன் தம்பி மட்டும் ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நறுமுகைக்கு எதுவும் தெரியாது. அப்பா விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலையாக இருக்கிறார் என்று திரை அவளுக்குச் சொல்லியிருந்தது. தினமும் சாயங்காலம் அப்பா போனில் பேசுவார், கிரேன் கதை சொல்வார், மகள் சிரிப்பாள். லீலாவதியிடமும் தங்கத்துரை தனியாகப் பேசுவான். “முன்னேற்றம் இருக்கு லீலா. இப்ப வரவேண்டாம், டாக்டர் சொல்லும்போது வா” என்பான். “சரிங்க” என்பாள்.

மையத்தின் தலைவர் டாக்டர் அருணகிரியை அழைத்தாள். திரை தொடங்கிய நாளிலிருந்து அதில் இருப்பவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“சார், ஜெனோவா கேஸ் முடிஞ்சுது. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. ஐந்தாம் மாசத்திலேர்ந்தே.”

“அப்படியா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “குழந்தை நல்லாத்தானே இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் கேக்கேன். அவ அழுதிருக்கா சார். தினமும் அழுதிருக்கா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல.”

“ஒரு கேஸை வச்சு முடிவு சொல்ல முடியாது மேடம். ஆயிரக்கணக்கான குழந்தைங்க திரையால நல்லா இருக்காங்க. இது விதிவிலக்கு.”

“விதிவிலக்கா, இல்ல தெரிஞ்சிக்கிட்டு நம்மகிட்ட சொல்லாம இருக்கிறவங்க நெறையப் பேரான்னு நமக்கு எப்படித் தெரியும் சார்?”

அவர் நிதானமாக, “நல்ல கேள்வி. திங்கட்கிழமை பேசுவோம்” என்றார்.

“இன்னொண்ணு. என் மகளுக்குத் திரைய எடுத்துரணும். அவங்கப்பா விஷயத்த நானே சொல்லப்போறேன்.”

“பதினாலு வயசு ரொம்பச் சிக்கலான வயசு மேடம்.”

“தெரியும் சார். பெத்தவங்க கேட்டா எடுக்கலாம்னு விதி இருக்கு.”

“இருக்கு. நான் தடுக்கல. எடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான் எடுபடும், அதுக்குத் தயாரா இருந்துக்கோங்க.”

லீலாவதிக்குப் புரியவில்லை. “ரெண்டு பேருக்குமா? எனக்குத் திரை இல்லையே. அவ கைக்குழந்தையா இருக்கும்போதே விலகிருச்சு.”

“வீட்டுல பெரிய நோய் வந்தா அந்த வீட்டுல இருக்கிற எல்லா போனுக்கும் திரை திரும்ப வரும். மூணு வருஷம் முன்னால சேர்த்தோம். தாய் கலங்கினா பிள்ளைக்குத் தெரியாம இருக்குமா? வயித்துக்குள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் அதே கணக்குதான்.”

“நான் இதே மையத்துல வேலை பாக்கேன். என்கிட்ட யாருமே சொல்லலையே சார்.”

“சொன்னா கலங்குவீங்களே மேடம்” என்றார் அவர். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று லீலாவதிக்கு நினைவில்லை. நறுமுகை கூடத்தில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், “சீக்கிரம் வந்துட்ட? சோறு இன்னும் ஆகல” என்றாள்.

லீலாவதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ வீடுகளில் செய்த வேலை. ஒரே வாக்கியம்.

“முகை, அப்பா விசாகப்பட்டினத்துல இல்ல. சென்னையில ஆஸ்பத்திரில இருக்காங்க. ரத்தப் புற்றுநோய்.”

நறுமுகை சிரித்தாள். “சும்மா சொல்லாதம்மா. நேத்துகூடப் பேசினாங்களே. பெரிய கிரேன்ல ஏறினேன்னாங்க.”

“அது திரை பேசினது.”

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அதை என்ன செய்வதென்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை. வண்டியில் அடிபட்ட நாய்க்குட்டி எங்கோ தத்துக்கொடுக்கப்பட்டது என்றும், வகுப்பிலிருந்து காணாமல் போன தோழி ஊர் மாறிப்போனாள் என்றும் நம்பி வளர்ந்த பிள்ளை. மணிக்கட்டுப் பட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அது சிவந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

“அம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். “என்னம்மோ பண்ணுது. இங்க.” நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்று சொல்லி லீலாவதி அந்தப் பட்டையைக் கழற்றித் தரையில் வைத்தாள். மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். வளர்ந்த பிள்ளை, பாதி உடம்புதான் மடியில் அடங்கியது. நறுமுகை அழ ஆரம்பித்தாள். விக்கலும் இருமலுமாக, எங்கே மூச்சு விடுவதென்று தெரியாமல் அழுதாள். “ஏன் சொல்லல? ஏன்மா சொல்லல?” என்று அம்மாவின் தோளில் அடித்தாள். லீலாவதி அடியை வாங்கிக்கொண்டாள்.

கொஞ்சம் அடங்கியதும், “அப்பாட்ட பேசணும்” என்றாள்.

“பேசுவோம். நானும் இன்னைக்குத்தான் பேசப்போறேன்.”

திரை விலகியதாக மையத்திலிருந்து தகவல் வந்திருந்தது. லீலாவதி எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டாள்.

“லீலா” என்றது ஒரு குரல்.

தங்கத்துரையின் குரல் துறைமுகத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும். இது மூச்சுக்கு நடுவே சிதறிச் சிதறி வந்தது. நறுமுகை அம்மாவைப் பார்த்தாள். “யாரும்மா?” என்று உதட்டசைத்துக் கேட்டாள்.

“நான்தாங்க” என்றாள் லீலாவதி. “எப்படி இருக்கீங்க? தனி அறையிலதானே இருக்கீங்க?”

“எந்த அறை? சாதாரண வார்டுக்கு மாத்தி ஒரு மாசமாகப் போகுது. சொன்னேனே.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “யார் வேணாலும் வந்து பாக்கலாம்னு சொன்னேனே லீலா. ஒரு தடவ வந்துட்டுப் போன்னு தெனமும் கேக்கேன். நீயும் சரிங்க, சரிங்கன்னு சொல்லுத. வரவேமாட்டேங்க. உனக்கு என்னைய இந்தக் கோலத்துல பாக்கப் பயமோன்னு தம்பிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். தப்பா நெனைக்கல. சும்மா கேட்டேன்.”

லீலாவதி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜெனோவாவின் தாய் கேட்டதுபோல, ‘தெரிஞ்சேவா வராம இருந்த’ என்று இவர் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் கேட்கக்கூட இல்லை. மனைவி வரமாட்டாள் என்பதை ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க” என்றாள். “இன்னைக்கு ராத்திரி ரயிலுக்கு வாரோம். நானும் முகையும்.”

“முகையுமா? அவளுக்குத்தான் தெரியக்கூடாதே.”

“தெரியும்ப்பா” என்றாள் நறுமுகை.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள். தூரத்தில் ஒரு நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு மாதமாக அந்த வீட்டுக்குள் வராத சத்தமெல்லாம் வந்தது. நறுமுகை போனைக் கையில் எடுத்து, குனிந்து, காதோடு வைத்துக்கொண்டாள்.

“அப்பா, வலிக்குதாப்பா?”

மகள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தங்கத்துரைக்கும் சொல்லித்தந்திருந்தார்கள்.

“ஆமாம்மா” என்றான். “வலிக்குது.”

நறுமுகை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கப்பா வலிக்குது? சொல்லுங்க” என்றாள். அவன் சொல்லத் தொடங்கினான். லீலாவதி எழுந்துபோய் ரயிலுக்குத் துணி எடுத்துவைத்தாள்.